எர்சிலியாவும் புனித எமீதியோவும்

புனித எமீதியோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எர்சிலியாவுக்கு வாய் ஓயாது. எங்கோ வடக்கே பிறந்து இந்த மலைச்சீமைக்கு ஆயராக வந்தவர். ஆளுநரின் மகளுக்கே ஞானஸ்நானம் கொடுத்ததற்காகத் தலை வெட்டப்பட்ட வேதசாட்சி. வெட்டுண்ட தலையைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு கல்லறை வரை நடந்து போனாராம். பூமி குலுங்கினால் காப்பது அவர் பொறுப்பு. அவள் ஊரான கொல்லெஸ்பீனாவில் எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னும் அவர் படம் ஒட்டியிருக்கும். சாயும் சுவரை ஒற்றைக் கையால் தாங்கி நிற்பார். கோயிலில் அவர் சுரூபத்துக்குப் பூ மாற்றுவது எர்சிலியாதான். யாரும் கொடுத்த வேலையல்ல. கல்யாணமாகி வந்த வருஷம் தானே இழுத்துப் போட்டுக்கொண்டது.

ஒரு வருஷம் ஆகஸ்டில், அவர் திருவிழாத் தோரணம் அவிழ்க்குமுன்னே பூமி குலுங்கியது. எர்சிலியாவின் வீடு விரிசலோடு நின்றது. அடுத்த வீடு எல்வியோவுடையது. அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. விடுமுறைக்கு வந்திருந்த அவன் மகள் நீவெஸை வெளியே எடுத்தபோது உயிரில்லை.

மறுநாள் நிவாரணக் கூடாரத்தில் சூப்புக்கு வரிசையில் நிற்கையில் யாரோ விசாரிக்க, "எமீதியோ எங்களக் கைவிடல" என்று எர்சிலியா பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். பின்னால் எல்வியோ நின்றதைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக் கதவுலயும் அதே படந்தான்க்கா இருந்துச்சு. நீதான் ஒட்டின." அவன் குரல் உயரவில்லை. "தன் தலையவே காப்பாத்திக்கத் தெரியாதவன் அவன். வெட்டின தலையத் தூக்கத் தெரிஞ்ச கைக்கு, எம்புள்ள மேல விழுந்த உத்தரத்தத் தூக்கத் தெரியலையா?"

எர்சிலியா தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். "நீ வேணும்னேவா சொன்ன? விடு" என்றான் கணவன் குவிந்தோ. அவளால் விட முடியவில்லை.

அக்டோபர் கடைசியில் இன்னொரு குலுக்கல். கோயிலும் போயிற்று, விரிசலோடு நின்றிருந்த அவர்கள் வீடும் போயிற்று. சுரூபத்தை இடிபாட்டிலிருந்து எடுத்து நகரத்துக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். ஊருக்குத் தற்காலிகமாக மரவீடுகள் வந்தன. வீடு கட்டித் தருகிறோம் என்றவர்கள் வந்தார்கள், அளந்தார்கள், போனார்கள். ஆடுகளை விற்றுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்த குவிந்தோ பிறகு எதற்கும் எழுந்திருக்கவில்லை.

"நம்ம வீட்டுல சாகணும்னு இருந்தேன்டி. இந்தத் தீப்பெட்டிக்குள்ள போகப்போறேன்" என்பான். சில வருஷம் கழித்து, பனி உருகும் சமயத்தில் அப்படியே போய்ச்சேர்ந்தான். சவப்பெட்டி தூக்க ஊரில் ஆள் போதவில்லை. அழைக்காமலே எல்வியோ வந்து தோள் கொடுத்தான்.

அந்த வருஷத் திருவிழாவுக்குப் பங்குச்சாமியார் மரவீடுகளுக்கு நடுவே மேசை போட்டு, எமீதியோவின் படமொன்றைச் சாய்த்து வைத்தார். வந்தவர்கள் ஆறேழு பேர். செபம் சொல்ல எர்சிலியாவை எழுப்பினார்.

"புனித எமீதியோவே, வேதசாட்சியே, நிலநடுக்கத்திலிருந்து எங்களை..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். கடைசி நாற்காலியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி எல்வியோ இருந்தான்.

"சொல்லுக்கா," என்றான். "எனக்காக நிறுத்தாத. ஊருன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் மிச்சம்."

"உனக்காக இல்ல தம்பி. உள்ள தேடிப் பாக்குறேன், ஒண்ணுமே இல்ல."

மீதியைச் சாமியாரே சொல்லி முடித்தார். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அவர் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

அன்று எர்சிலியா பயறு வேகவைத்தாள். கை பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டது. மிஞ்சியதை மூடி, எல்வியோவின் வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பினாள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பாத்திரம் தொடப்படாமல் இருந்தது.

"அவரா?" என்றாள் பக்கத்து மரவீட்டுக்காரி. "கடற்கரையில அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாரமாச்சே. இனி வரமாட்டாராம். உங்கிட்டச் சொல்லலையா?"

"சொல்லல," என்றாள் எர்சிலியா. பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். பயற்றில் எறும்பு ஏறியிருந்தது.