கால் குறைத்த நாற்காலி

எங்கள் வீட்டு மரச்சாமான்களுக்கெல்லாம் கால் குறைந்தது நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. அம்மா அதை எனக்காகத்தான் செய்கிறாள் என்று முழுதாக நம்பினேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

அப்பா ராணுவத்தில் இருந்தார். மலைப் பாதையில் வண்டி கவிழ்ந்து, வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்கும்படி ஆகிவிட்டது. சேதி வந்ததும் அம்மா என்னைச் சோழபுரத்துச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, தன் தம்பியோடு வடக்கே ரயிலேறிப் போனாள். ஆஸ்பத்திரியில் அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். சக்கர நாற்காலியில் இருந்த அப்பா, உயரத்தில் இருந்த தண்ணீர் டம்ளருக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. யாரையும் கூப்பிட மனமில்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா மாமாவிடம் சொன்னாள்: "இந்த வீட்ல அவுக ஒண்ணுக்கும் அடுத்தவுக மொகத்தப் பாக்கக் கூடாதுடா."

எங்கள் வீட்டு நிலைப்படிகள் உயரமானவை. சக்கர நாற்காலி அவற்றைத் தாண்டாது; அப்பா தரையோடு நகர்ந்துதான் நடமாட வேண்டியிருக்கும் என்று அம்மாவே முடிவு செய்துகொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மம்சாபுரத்து ஆசாரியை வரச்சொன்னாள். அவர் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அம்புட்டும் தேக்குக்கா. அறுத்தா அறுத்ததுதான். சார்கிட்ட போன்ல ஒரு வார்த்த கேட்டுக்கிருங்களேன்."

"கேட்டா வேண்டாம்பாக. நீங்க அறுங்க தம்பி."

கட்டில், சாப்பாட்டு மேசை, விடுமுறையில் அப்பா பேப்பர் படிக்கும் கைவைத்த நாற்காலி எல்லாம் பட்டறைக்குப் போய், பழைய பாலிஷ் சுரண்டப்பட்டு, பளபளவென்று குள்ளமாகத் திரும்பி வந்தன. அலமாரித் தட்டுகள் இறங்கின. சட்டை மாட்டும் கொக்கிகள் இறங்கின. என் உச்சந்தலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடி, இப்போது என்னை முழுதாகக் காட்டியது. தெருப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, "எங்க வீடு எனக்கு எட்டுமே" என்று சுற்றிக் காட்டினேன்.

போனில் முகம் தெரியாத காலம் அது. அம்மா வீட்டை மறைத்ததுபோல அப்பாவும் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் செயற்கைக் கால் பொருத்தியிருந்தார்கள். விழுந்து எழுந்து பழகினார். தன் வீட்டுக்குள் தானே நடந்து நுழைய வேண்டும், அதை அம்மா பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மதுரையில் ரயிலிலிருந்து அவர் நின்றபடி இறங்கியதைப் பார்த்த மாமாவுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லையாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் டீக்குக் காரை நிறுத்தியபோதுதான், "அத்தான், வீட்ல அக்கா கொஞ்சம் வேல பாத்து வச்சிருக்கா" என்று மட்டும் சொன்னார். வெள்ளையடித்திருப்பாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

கைத்தடியை ஊன்றிப் படியேறி, நிலையைத் தாண்டி அப்பா உள்ளே வந்தார். நான் கைதட்டினேன். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா அவர் காலைப் பார்த்தாள். பிறகு திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். மேசை, கட்டில், கொக்கிகள் என்று ஒவ்வொன்றாக அவர் கண் இறங்கி இறங்கிப் போனது.

"நீங்க நடப்பீகன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அம்மா.

"நானும் சொல்லலையே," என்றார் அப்பா.

நேராகப் போய் அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கையால் தடவிப் பார்த்து, "நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் அதைவிட்டு எழவில்லை. பார்க்க வந்தவர்களை எல்லாம் அண்ணாந்து பார்த்தே பேசினார். காப்பியும் அங்கேதான், பலகாரமும் அங்கேதான். நடந்து காட்டச் சொல்லி நான் கையைப் பிடித்து இழுத்தேன். "செத்த நேரம் போகட்டும் தாயி" என்றார். இடையில் கைப்பிடிகளை அழுத்தி ஒருதரம் உந்தினார். மறுபடி சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். "அப்பாவுக்கு அந்த நாற்காலி ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா. எந்திரிக்கவே மாட்டேங்காரு."

அம்மா அடுப்பை அணைத்தாள். அவளும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்துத்தான் அப்பாவைத் தூக்கி நிறுத்தினார்கள். செயற்கைக் காலோடு இருப்பவருக்கு இருக்கை உயரமாக இருந்தால்தான் தானாக எழ முடியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதை அப்பா சொல்லவில்லை. கடைசிவரை அந்த வேலையைக் குறைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அம்மாவை அதிகம் வருத்தியது.

சில நாளில் ஆசாரி வந்து, அறுத்த கால்களுக்கெல்லாம் கட்டை வைத்து ஒட்டினார். ஒட்டிய இடம் கறுத்த கோடாகத் தெரிந்தது. மேசை எனக்கு எட்டாமல் மேலே போனபோது நான் ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு எட்டாமல் போய்விட்டதே என்றுதான் அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன். போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்கம்மா. நான் சீக்கிரம் வளந்துருவேன்."