பூதத்தின் தும்மலும் வெங்காய வண்டியும்

குழந்தைகளுக்கான ஆடியோ புத்தகம் ஒன்றுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பம்மலில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் ஸ்டுடியோ. கதையில் வரும் பூதம் தும்மினால் ஊரே இட்லியாகிவிடும்.

நேற்று, பூதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மலை அடக்கும் இடம். நானும் குரலைத் தாழ்த்தி ரகசியம் போலப் பேசுகிறேன். தெருவில் ஸ்பீக்கர் அலறுகிறது.

"வெங்காயம்! பெரிய வெங்காயம்!"

திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தேன். வண்டி எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. கீழே ஓடினேன்.

"அண்ணா, கொஞ்ச நேரம் ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்களேன். வீட்ல ரெக்கார்டிங் நடக்குது."

"இன்னாக்கா நீ! நான் மட்டும் வாயாலயா கத்திகினு கீறேன்? இதுவும் ரெக்கார்டிங்தான்."

வெறுத்துப்போய், 'இந்தக் கொடுமையை நீங்களே கேளுங்கள்' என்று வண்டிச் சத்தத்தோடு பதிவானதைத் தயாரிப்பாளருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

இன்று காலை அவரிடமிருந்து போன்.

"மேடம், அந்த வெங்காய வண்டி செம ஐடியா! என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. அடுத்த சாப்டர்ல தக்காளி வித்துக்கிட்டு வரட்டும்."

தும்மலை அடக்கிக்கொண்டு பூதமாகக் கிசுகிசுத்தேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதிலிருந்து மைக்கும் கையுமாக பால்கனியில் நிற்கிறேன். தலைக்கு மேல் விமானம் விமானமாகப் போகிறது. வண்டியைத்தான் காணோம்.

பம்மல் பக்கம் அந்த அண்ணனை யாராவது பார்த்தால் எங்கள் தெருவுக்கு அனுப்பி வையுங்கள். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.