அடி உரசும் சிவப்புக் கார்

என் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அந்த வாசனையில் எனக்கு எட்டு வயது திரும்பிவிட்டது.

திருத்தணி மலைமேல், புதுக் கார்களுக்குப் பூஜை போடும் இடத்தில் நைனா பூக்கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். வருவதெல்லாம் வெள்ளைக் கார்கள். ஒருநாள் மட்டும், பதுங்கிய பூனை மாதிரித் தாழ்வாக, இரண்டே கதவுள்ள சிவப்புக் கார் ஒன்று வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண். கிளம்பும்போது வேகத்தடையில் அடிப்பாகம் கரகரவென்று உரசியது. எல்லாரும் சிரித்தார்கள்.

"இத்த எவன் திரும்ப வாங்குவான்?" என்றார் நைனா.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "விக்கறதுக்கு வாங்கலைங்க. ஓட்டறதுக்கு வாங்கனேன்."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இதோ, இன்று எனக்கும் ஒரு சிவப்புக் கார்.

நைனா காரைச் சுற்றி வந்தார். "ஊரே உசரமான வெள்ள வண்டியா வாங்கிகினு கீது. இத்த எவன்..."

"ரெண்டே சீட்டு நைனா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு, குறை சொல்லாதவங்களுக்கு."

அவர் குனிந்து ஏறிக்கொண்டார்.

வேகத்தடையில் அடிப்பாகம் கரகரவென்று உரசியது. நைனா மூச்சு விடவில்லை.