லாஸ்லோ விட்டுவைத்த இடம்

போன ஞாயிறு பின்னேரம். வெம்பிளியில் ஒரு மண்டபம். பொன்னாடைத் தட்டோடு மேடையில் நிற்கிறேன். முன்னால் போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. எல்லாம் குணம் அண்ணையால் வந்த வினை!

முதலில் லாஸ்லோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரிக்காரர். ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர், இசையமைப்பாளர். புடாபெஸ்டில் கல்யாண வீடுகளில் வாசிக்கத் தொடங்கி, இளவயதிலேயே லண்டன் வந்து சேர்ந்தவர். பிஸ்கட் விளம்பரத்துக்கும் வாசிப்பார், கிளப்பில் சொந்த இசையும் வாசிப்பார். சில ஆல்பங்கள் வந்தன. விமர்சகர்கள் ஓகோவென்று புகழ்ந்தார்கள்... வாங்கத்தான் ஆளில்லை.

அதனால் வட லண்டனில், எட்மண்டனில் ஒரு சமூக நிலையத்தில் டிரம்ஸ் வகுப்பும் எடுத்தார். அடுத்த அறையில் சிவநேசன் அண்ணையின் மிருதங்க வகுப்பு. சத்தம் தாங்கவில்லை என்று இவர் அவரைப் பற்றி முறையிட, அவர் இவரைப் பற்றி முறையிட... நிலையத்துக் கேர்டேக்கர் இரண்டு பேரையும் ஒரு அறைக்குள் விட்டு, "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று போய்விட்டார். பேசினார்களோ இல்லையோ, வாசித்தார்கள். அன்றிலிருந்து இணைபிரியாத நண்பர்கள். லாஸ்லோ தொடையில் தட்டித் தாளம் போடப் பழகினார். தமிழும் பழகினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர்தான்.

இருவருக்குமாக லாஸ்லோ ஒரு நீண்ட இசை எழுதினார். நடுவில் மிருதங்கத் தனி. அதாவது, மற்றவர்கள் ஓய்ந்திருக்க மிருதங்கம் மட்டும் பேசும் பகுதி. ஒத்திகை எல்லாம் சிவநேசன் அண்ணையின் வீட்டு முன்னறையில். ஆனால் பதிவு செய்யும் முன்பே, போன வருடம், மாரடைப்பில் அண்ணை போய்விட்டார்.

இப்போது லாஸ்லோவின் தோளும் பழுது. இனி வாசிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் ஞாயிறு கச்சேரிதான் கடைசி. அந்த நீண்ட இசையை அங்கே வாசித்து, அப்படியே பதிவு செய்து ஆல்பமாக்கப் போகிறார்கள். பிசகினால் இன்னொரு முறை இல்லை.

"மிருதங்கத்துக்கு ஆர்?" என்று லாஸ்லோவிடம் கேட்டேன்.

"அண்ணைதான்" என்றார்.

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மேடையில் ஒரு விரிப்பு, அதன்மேல் அண்ணையின் மிருதங்கம், பக்கத்தில் யாரும் இல்லை. அஞ்சலிக்கு வைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸில் லாஸ்லோ. இசை ஏறி ஏறிப் போய்... சட்டென்று நின்றது. மூன்று பேரும் கையை மடியில் வைத்தார்கள்.

மண்டபம் கைதட்டியது. எங்கள் விழாக்களில் மௌனம் என்று ஒன்று உண்டா? மைக் கொஞ்சம் ஓய்ந்தால் யாராவது நன்றியுரை ஆற்றிவிடுவார்கள். சங்கச் செயலாளர் குணம் அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

"முடிஞ்சுது. தட்டை எடும், வாரும்!"

ஏறினோம். லாஸ்லோ எழும்பவில்லை. கண்கள் மூடியிருந்தன, உதடு மட்டும் அசைந்தது. குணம் அண்ணை பொன்னாடையைப் போர்த்தினார், மைக்கைப் பிடித்தார். "எங்கட லாஸ்லோ அண்ணையின்ர சேவையைப் பாராட்டி..."

லாஸ்லோ கண்ணைத் திறந்தார். முகம் வெளிறிவிட்டது.

"இது அண்ணையின்ர தனி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கணக்கு விட்டிட்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணை வாசித்திருக்க வேண்டிய நேரம் முழுவதையும் வெறுமையாக விட்டு, மனதுக்குள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். எங்கே திரும்பச் சேர வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். இப்போது அவருக்கும் தெரியாது. மற்ற இருவரும் அவரையே பார்க்கிறார்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. குணம் அண்ணையின் பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது!

அப்போது பட், பட் என்று ஒரு சத்தம். முன்வரிசையில் புவனா அக்கா... சிவநேசன் அண்ணையின் மனைவி. தொடையில் தாளம். இசை நின்றபோது மெல்லத் தொடங்கிய கை, நாங்கள் மேடையேறிய பிறகும் நிற்கவில்லை. இப்போது பலமாகத் தட்டினார். அந்தத் தனியை முன்னறையில் எத்தனை தரம் கேட்டிருப்பார்!

குணம் அண்ணையின் பேச்சு பாதியில் கரைந்தது. மண்டபம் அடங்கியது. லாஸ்லோ அந்தக் கையையே பார்த்தபடி குச்சிகளை எடுத்தார். தாளம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அக்கா தலையை அசைத்தார்.

விழுந்தது அடி! மூன்று பேரும் ஒன்றாக. தட்டைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். சொல்வதற்கென்ன வெட்கம்?

கச்சேரி முடிந்ததும் பதிவு செய்த பெண் வந்து கேட்டாள்: "தாளத்தை வைத்துக்கொண்டு, பேச்சை மட்டும் வெட்டிவிடட்டுமா?"

குணம் அண்ணை நிலத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. எனக்கு விளங்கேல்லை."

லாஸ்லோ புவனா அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"விடுங்கோ தம்பி. என்ர மனுசன் தனி வாசிக்கேக்கை எங்கட சனம் எப்ப கதைக்காமல் இருந்தது?"

"ஓம் அக்கா" என்றார் லாஸ்லோ. "வெட்ட வேண்டாம்."

உண்மைதானே? தனி தொடங்கும்போதுதானே நாங்கள் தேநீருக்கும் வடைக்கும் எழும்புவோம், பக்கத்து ஆளிடம் வீட்டு விலை விசாரிப்போம்?

ஜாஸ் ஆல்பத்தில் தன் குரல் வரப்போகிறது என்று குணம் அண்ணை தான் இருக்கும் குட்மேய்ஸ் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான்? இனி தனி தொடங்கினால் கதிரையை விட்டு எழும்புவதில்லை.

வடை ஆறட்டும்!