இருநூறு கிலோ விறகுக்கு எத்தனை கிலோவாட்?

என் வீட்டுக்காரர் இனிப் புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேரளத்து உடும்பஞ்சோலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்துக்கொண்டு புகைக்குப் பயந்தால் எப்படி? பறித்த பச்சைக்காயை உடனே ஸ்டோரில், அதாவது விறகடுப்புச் சூட்டில் காய் உலர்த்தும் அறையில், பரப்பியாக வேண்டும். அடுப்பைப் பார்ப்பவர் அவர்தான். இருமுவார், விறகு தள்ளுவார், மறுபடி இருமுவார். வெளியே நின்று ஒவ்வொரு இருமலையும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

கரண்டில் ஓடும் டிரையர் வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எத்தனை கிலோவாட் வேண்டும் என்று மின்சார ஆபீசில் கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்? இங்கே சூடு என்றாலே விறகுதான். ஒரு தடவை காய் உலர எவ்வளவு விறகு என்று கேட்டால் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும்.

சரி, மாற்றிப் பார்ப்போம் என்று போனை எடுத்தேன். ஒரு கிலோ விறகில் மூவாயிரத்து ஐந்நூறு கிலோகலோரி. நாங்கள் எரிப்பது இருநூறு கிலோ. எண்ணூற்று அறுபது கிலோகலோரி ஒரு கிலோவாட் என்று எங்கோ போட்டிருந்தது. வகுத்தேன். எண்ணூற்றுச் சொச்சம் கிலோவாட் வந்தது. திருப்பி வகுத்தேன், அதேதான். அதையே எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆபீசில் இருந்தவர் சிரித்தேவிட்டார். "சேச்சி, தேயிலை ஃபேக்டரி தொடங்கப் போறீங்களா?"

வீட்டுக்கு வந்து, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று அழுதேன்.

"விடுட்டி, இருமல் என்னைய என்ன செஞ்சிரும்" என்று அவர் அடுப்புக்குப் போனார்.

பின்னாலேயே போய் நின்றேன். ஒரு கட்டையைத் தள்ளினார். அது எரிந்து தணியும்வரை சும்மா இருந்தார். அப்புறம் இன்னொன்று. அட மடச்சி! எண்ணூற்று அறுபது என்பது ஒரு மணி நேரத்துக்கான கணக்கு. நானோ ஒரு நாள் முழுக்க எரிகிற விறகை ஒரே மணியில் எரித்திருக்கிறேன்! இருபது மணி நேரத்துக்குப் பிரித்தால் நாற்பதுதான். அதிலும் பாதிச் சூடு புகைபோக்கியில் போவது. இருபது போதும். ஆனாலும் கிலோகலோரி எங்கே முடிந்து கிலோவாட் எங்கே தொடங்குகிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் முழிப்பேன்.

டிரையர் வந்தது. முதல் காயைப் பரப்பிய மத்தியானமே பேய்மழை பிடித்து, கரண்ட் போனது. அந்தக் கணக்கை நான் எங்கே போட்டேன்? காயை அள்ளிப் பழைய ஸ்டோருக்கு மாற்றினோம். அவர் தீப்பெட்டியை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"நீங்க வெளிய நில்லுங்க. எப்படித் தள்ளணும்னு அங்கருந்தே சொல்லுங்க."

ஈரக்கட்டை. எரிவதைவிடப் புகைந்ததுதான் அதிகம். நான் இருமத் தொடங்கினேன். வெளியே மழையில் நின்றுகொண்டு அவர் கத்தினார்: "போதும், வெளிய வாட்டி! காய் போனாப் போகுது, என்னால கேக்க முடியல."