நின்றால் கோடு விழும்

சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றால் தானாக அணைந்து, காலை எடுத்தால் தானாக உயிர்பெறும் இன்ஜின் என் காருக்கு. வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் எனக்கும் ஆகாது. நான் பனியன் துணி பின்னும் நிட்டிங் பட்டறைக்காரன். மிஷின் சத்தம் நின்றால் எழுந்து ஓடுவோம். கரண்ட் போயிருக்கும், இல்லை நூல் அறுந்திருக்கும். ஓடுகிற மிஷின் நடுவில் நின்று மறுபடி ஓடினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். சாயம் போட்டு வந்தபின் அது பல்லை இளிக்கும். இதெல்லாம் தெரியாத யாரோ வேலைமெனக்கெட்டு நிற்கிற இன்ஜின் செய்திருக்கிறார்கள்.

அதனால் தினமும் வண்டியைக் கிளப்பியதும் அதை முடக்கும் பொத்தானை அமுக்கிவிடுவேன். மறுநாள் காலை அது பழையபடி ஆகிவிடும், நானும் பழையபடி அமுக்குவேன்.

அன்று மகளை அழைத்துக்கொண்டு பல்லடத்துக்குப் புறப்பட்டேன். படிப்பை முடித்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து பட்டறையில் உட்காரப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவளுக்கென்று தச்சரிடம் மேசை செய்யச் சொல்லியிருந்தேன், அதைப் பார்க்கத்தான் போனோம். பொத்தானை நோக்கிக் கையை நீட்டியபோது தடுத்தாள்.

“அமுக்காதீங்கப்பா. இன்னைக்கு ஒரு நாள் நிக்கட்டுங்க.”

பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

முதல் சிக்னலில் இன்ஜின் அணைந்தது. “அப்பா...” என்றாள். அதற்குள் என் கால் பிரேக்கை விட்டுவிட்டது, இன்ஜின் உறுமியது, அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த சிக்னலிலும் அதே கதை. எனக்கு உட்காரவே முடியவில்லை. ஏசி காற்று வெதுவெதுப்பாக வந்தது. ஸ்டீயரிங்கில் தாளம் போட்டேன். முன்னால் நின்ற வேனைத் திட்டினேன்.

மூன்றாவது சிக்னலில் என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள். “கால எடுக்காம கேளுங்கப்பா. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை கெடச்சிருக்குதுங்க. வரேன்னு சொல்லிப்போட்டேன். நம்ம கம்பெனிக்கு என்னால வர முடியாதுங்க.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் தனியார் பஸ் ஹாரனை அலறவிட்டது.

“பச்ச விழுந்துருச்சுங்கப்பா.”

“ஏன் கண்ணு இத்தன நாளா சொல்லுல?”

“நீங்க எங்கீங்க நின்னீங்க?”

வண்டியை எடுத்தேன். கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக, அந்த மேசையை நினைத்து அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஓட்டினேன். அடுத்த சிக்னலில் இன்ஜின் மறுபடி அணைந்தபோது பயந்தே போய்விட்டேன்.

“இன்னும் ஏதாச்சும் சொல்லோணுமா சாமி?”

சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தெனமும் போன் பண்றனுங்க. அப்ப மட்டும் மிசினை நிறுத்திப்போட்டுப் பேசுங்கப்பா. அந்தச் சத்தத்துல நான் சொல்றது ஒன்னுமே உங்களுக்குக் கேக்கறதில்ல.”

நிறுத்தினால் துணியில் கோடு விழுமே என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“சரி கண்ணு,” என்றேன்.