திரும்பி வந்த இன்சுலேட்டர் பெட்டிகள்

விருத்தாசலத்தில் மின்கம்பங்களுக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அவருக்குப் போன கண்டெய்னரை அந்த ஊர்த் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். வாசலைத் தாண்டும்போது கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்ததாம். உள்ளே அணுப்பொருள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று ஃபேக்ஸில் கேட்டிருந்தார்கள்.

"மண்ணுதானம்மா அனுப்புனோம். அதையே எழுது" என்றார் முதலாளி.

எழுதினேன். பீங்கான் என்று சொன்னது போதவில்லை. மூலப்பொருள் ஒவ்வொன்றும் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று ஒரு படிவம் அனுப்பிக் கேட்டார்கள். களிமண்ணோடு அரைத்துச் சேர்க்கும் பெல்ஸ்பார் கல்லை எங்களுக்கு விற்றவருக்கே அது தெரியவில்லை. எத்தனை முறை எழுதினாலும் அதே படிவம்தான் திரும்பி வந்தது. கடைசியில் கண்டெய்னரும் திரும்பி வந்தது.

முதலாளியும் நானும் பஸ் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போனோம். சோதிக்க வந்த பெண் அதிகாரி, செங்கல் அளவிலான ஒரு கருவியைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை விடும், அதைக் கொண்டு உள்ளே இருப்பது இன்னதென்று பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம் என்றார். சில நிமிடங்களில் திரையில் பதில் வந்தது. பெல்ஸ்பாரில் இருக்கும் பொட்டாசியம், மேற்பூச்சில் நாங்கள் கலக்கும் ஜிர்கான் பொடியிலிருந்து கொஞ்சம் தோரியம். இரண்டும் இயற்கையாகவே மண்ணில் இருப்பவை. ஒளித்துவைத்த யுரேனியம் எதுவும் இல்லை.

"அந்த ஊருல இந்தக் கருவி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும். வெச்சுப் பாத்திருக்க மாட்டாங்க" என்றார் அவர்.

கருவியை வைத்துப் பார்க்காதவர்கள் பெட்டிகளை மட்டும் கடப்பாரையால் திறந்திருந்தார்கள். பாதி இன்சுலேட்டர்கள் விளிம்பு உடைந்து கிடந்தன.

அந்த அதிகாரி கொடுத்த சோதனைச் சான்றிதழை இணைத்து, புதுச்சரக்கு ஏற்றி மறுபடி அனுப்பினோம். அதே வாசலில் மணி மறுபடி அடித்தது. வேறு நாட்டுச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். பிறகு யாரோ ஒருவர் கருவியை வைத்துப் பார்க்க, அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

ஆனால் வாடிக்கையாளர் அதற்குள் இன்னொரு நாட்டில் வாங்கத் தொடங்கியிருந்தார். அங்கேயும் பெல்ஸ்பார் கலந்துதான் செய்கிறார்கள்; அந்தச் சரக்குக்கும் மணி அடிக்கத்தான் செய்யும்.

"வுட்டுத் தள்ளும்மா" என்றார் முதலாளி.

என்னால் முடியவில்லை. அந்த அதிகாரி சொன்னதையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். பதில் வரவே இல்லை.